அப்பாவுக்கு ஒரு தொடர்

(குழு: நம்ம வீடு)

கயல், இரவு 7:40
கதிர், ஒரு உதவி. விழித்திரை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் சப்டைட்டில் படிக்க முடியவில்லை. நேற்று பூதக்கண்ணாடியோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. பாதியிலேயே எழுந்து போய்விட்டார். ஆங்கில டப்பிங்கில் நல்ல அனிமே, அதான் ஜப்பானிய கார்ட்டூன் தொடர், இருந்தால் சொல்லேன்.

கதிர், 7:43
கவ்பாய் பீபாப். யோசிக்கவே வேண்டாம் அக்கா.

கயல், 7:43
ஜப்பானியக் குரலில்தான் பார்க்க வேண்டும் என்று நீதானே சொல்வாய்?

கதிர், 7:47
இதற்குச் சொல்ல மாட்டேன். 1998 ஏப்ரலில் டிவி டோக்கியோ இதை ஒளிபரப்பத் தொடங்கியபோது 26 பகுதிகளில் 12ஐத்தான் போட்டது, கூடவே ஒரு சிறப்புப் பகுதி. முழுத் தொடரும் அந்த அக்டோபரிலிருந்து வாவ்வாவ் என்ற கட்டணச் சேனலில்தான் வந்தது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 2, அடல்ட் ஸ்விம் என்ற பெரியவர்களுக்கான இரவு நேர டிவி ஒளிபரப்பு தொடங்கிய முதல் இரவிலேயே ஆங்கிலத்தில் போட்டார்கள். கதாநாயகன் ஸ்பைக்குக்குக் குரல் கொடுத்தவர் ஜப்பானில் கோயிச்சி யமதேரா, ஆங்கிலத்தில் ஸ்டீவ் ப்ளம். அலுத்துப்போன ஒருவன் அலட்சியமாகப் பேசுவானே, ப்ளம் குரல் அப்படியே இருக்கும். கேட்டால் விட முடியாது.

அப்பா, 7:52 (குரல் பதிவு)
டப்பிங் என்றால் வெட்டிக் குதறியிருப்பார்களே கதிரு?

கதிர், 7:56
பெரியப்பா, ஒரு காலத்தில் அப்படித்தான். டிராகன் பால் இசட் ஜப்பானில் 1989இல் வந்தது. ஆங்கிலத்துக்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் முதல் 67 பகுதிகளை 53 ஆகச் சுருக்கிவிட்டார்கள். நரகத்தில் வரும் இரண்டு அரக்கர்களின் பனியனில் ‘ஹெல்’ என்று இருக்கும். ‘ஈ’ எழுத்தின் அடிக்கோட்டை அழித்து ‘எஃப்’, முதல் ‘எல்’லை ‘ஐ’ ஆக்கி, ஏதோ ஒரு இடத்தின் பெயராக மாற்றினார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பீபாப்பில் அந்த மாதிரி கதையை மாற்றும் வேலை கிடையாது.

சித்தி, 8:05
அத்தான், நான் சாலிகிராமத்தில் டப்பிங் பேசிய 11 வருஷத்தில் கற்றதை வைத்துச் சொல்கிறேன். வசனம் எழுதுகிறவருக்குத்தான் முழுக் கஷ்டமும். ஜப்பானிய மொழியில் நம்மைப் போலவே வினை கடைசியில் வரும். ‘அவனை நான் கொல்ல...’ என்று நிறுத்தினால் எதிரில் இருப்பவருக்கு மூச்சு நிற்கும். அப்புறம்தான் ‘வில்லை’. ஆங்கிலத்தில் அந்த ‘இல்லை’ முன்னாலேயே வந்து விழுந்துவிடும். ஆனால் படத்தில் முகம் மாறுவது கடைசியில்தானே? அதற்காக வாக்கியத்தையே வேறு மாதிரி கட்ட வேண்டும். வாய் திறந்து மூடும் கணக்கும் தப்பக் கூடாது.

சித்தி, 8:07
ஜப்பானில் நடிகர்கள் ஒரே அறையில் சேர்ந்து நின்று பேசுவது வழக்கம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒவ்வொருவராகத் தனியே வந்து பேசுவார்கள். காதில் மூன்று பீப் ஒலிக்கும். நான்காவது வர வேண்டிய இடத்தில் வசனத்தை எடுக்க வேண்டும். எதிரில் ஆள் இல்லாமல் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பீபாப் டப்பிங்கை இயக்கிய மேரி எலிசபெத் மெக்லின் அதில்தான் ஜெயித்தார். எல்லாரும் ஒரே கப்பலில் இருப்பது போலவே கேட்கும்.

கயல், 8:10
சித்தி, அப்பா ரொம்ப கவனமாகக் கேட்டார். நான்தான் படித்துக் காட்டினேன்.

சித்தி, 8:11
அப்படியா! இனி அத்தானுக்கு எழுத மாட்டேன், பேசியே அனுப்புகிறேன்.

கயல், 8:13
புதிதாக வரும் தொடர்களுக்கும் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா கதிர்?

கதிர், 8:16
இல்லை அக்கா. பீபாப் இயக்குநர் ஷினிச்சிரோ வதனபேயின் ஸ்பேஸ் டேண்டி 2014 ஜனவரியில் ஜப்பானுக்கு முன்பே அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்தது. இப்போது பல தொடர்களுக்குச் சில வாரங்களிலேயே டப்பிங் வந்துவிடுகிறது. வராத தொடர்களும் இருக்கின்றன. பெரியப்பாவுக்காக நான் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

கயல், 8:17
சரி, போடுகிறேன்.

அப்பா, 9:02 (குரல் பதிவு)
கதிரு, முதல் பகுதி முடிந்தது. குடைமிளகாயும் மாட்டிறைச்சியும் என்று சொல்லிச் சமைத்துவிட்டு அதில் இறைச்சியே இல்லை. அந்த ஸ்பைக் பையன் சண்டைக்குப் போகிறான்! நடுவில் கண் வலித்தது, மூடிக்கொண்டேன். யார் எங்கே நிற்கிறார்கள், யார் கோபமாக இருக்கிறார்கள், எல்லாம் குரலிலேயே தெரிந்தது. பூதக்கண்ணாடியைக் கயல் அலமாரியில் வைத்துவிட்டாள். அடுத்ததைப் போடச் சொல்லியிருக்கிறேன்.