வீட்டுத் தோட்டத்தில் ஜிப்லைன்: வடத்தை இழுத்துக் கட்டாதீர்கள்

பொள்ளாச்சித் தோட்டக்காரர்:

கோடை விடுமுறைக்கு வந்த அண்ணன் பிள்ளைகளுக்காக வீட்டுக்குப் பின்னால் ஜிப்லைன் அமைத்தோம், அதாவது உயரத்தில் கட்டிய வடத்தில் கப்பியில் தொங்கியபடி வழுக்கிப் போகும் விளையாட்டு. ஒரு பக்கம் புளியமரம், மறுபக்கம் வேம்பு, நடுவில் முப்பது மீட்டர். இரண்டுமே ஒருவர் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன். எப்படிச் செய்தீர்கள் என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

வடம் கட்ட வந்த பட்டறைக்காரர் வடத்தை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளைத் திருகிக்கொண்டே போனார். வடம் தொய்ந்திருந்தால் வேலை சுத்தமில்லை என்பது அவர் கட்சி. நான் அவரைத் திண்ணையில் உட்காரவைத்துக் கரித்துண்டால் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஐம்பது கிலோ ஆள் நடுவில் தொங்கும்போது வடம் ஒரு மீட்டர் இறங்கினால், ஒவ்வொரு மரத்தின் மீதும் ஏறத்தாழ 375 கிலோ இழுவை விழும். எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் நான்கு மடங்கால் வகுத்தால் இந்தக் கணக்கு வந்துவிடும். அதே வடம் அரை மீட்டர்தான் இறங்குகிறது என்றால் இழுவை 750 கிலோ! ஆள் அதே ஆள், மரம் அதே மரம். விறைப்பாகக் கட்டியதற்காக மட்டும் இரண்டு மடங்கு பாரம். அவர் மறுபேச்சில்லாமல் எழுந்துபோய்த் திருகைத் தளர்த்தினார்.

10 மி.மீ. கம்பி வடம் சில டன் இழுவையைத் தாங்கும். பயம் வடத்தைப் பற்றியதல்ல. மரமும் இணைப்பும்தான் முதலில் கைவிடும். புறப்படும் முனைக்கும் சேரும் முனைக்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் வைத்தோம். நடுவில் தொய்வு இருப்பதால் கடைசிப் பகுதி சற்று மேடேறும். வேகம் தானாகவே குறைந்துவிடும். அதையே நம்பிவிடாமல் வேம்புக்கு முன்னால் ஸ்பிரிங் பிரேக்கும் மாட்டினோம்.

பிள்ளைகள் ஏறுவதற்கு முன் மணல் மூட்டையைத்தான் விட்டோம். முதலில் முப்பது கிலோ, பிறகு அறுபது, அதற்குப் பிறகு என் எடையைவிடக் கூடுதலாக. ஒவ்வொரு முறையும் மூட்டை எங்கே நிற்கிறது, அதன் அடிப்பாகம் தரைக்கு எவ்வளவு நெருங்குகிறது என்று பார்த்தோம். கனமான மூட்டை போனதும், மடித்த வட நுனியை வடத்தோடு சேர்த்துப் பிடிக்கும் கிளாம்புகளின் நட்டுகள் இளகியிருந்தன. சுமை ஏறியதும் வடம் சற்று மெலியும். அதனால் மறுபடி முடுக்கியே ஆக வேண்டும்.

நாகர்கோவில் வாசகர்:

கிளாம்ப் பற்றி நானும் சொல்லியாக வேண்டும். சித்தப்பா வீட்டு வடத்தைப் போய்ப் பார்த்தேன். கிளாம்புகளை ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். அது தவறு. பள்ளம் வைத்த அடித்தட்டு எப்போதும் சுமை தாங்கும் வடத்தின் மேல் உட்கார வேண்டும். யூ வடிவக் கம்பி, வெட்டிய நுனிப் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யூ கம்பி சுமை தாங்கும் வடத்தையே நசுக்கிவிடும்.

இன்னொன்று, அந்த வடத்தைத் தென்னையில் கட்டியிருந்தார்கள். தென்னந்தோப்புக்காரனாகவே சொல்கிறேன், வேண்டாம். தென்னந்தண்டில் பட்ட காயம் ஆறவே ஆறாது. போல்ட் போட்ட துளையிலிருந்து அழுகல் தொடங்கும். தலைக்கு மேல் காயும் மட்டையும் வேறு. முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

திருச்சி செவிலியர்:

எலும்பு முறிவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரேக் இல்லாத வடத்தில் போய் மரத்தைக் கையால் தடுத்த ஒரு சிறுவன் மணிக்கட்டு முறிந்து வந்தான். அம்மா ஒருபுறம் அழ, அவன் வலியை அடக்கிக்கொண்டு அவரைத் தேற்றிய காட்சி என்னை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவில் 1997 முதல் 2012 வரை ஜிப்லைன் காயங்களுக்காக அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 16,850 பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் கீழே விழுந்து அடிபட்டவர்கள். ஆகவே, கைப்பிடியை மட்டும் நம்பிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். உடலோடு கட்டும் வார்ப்பட்டையான ஹார்னஸும் தலைக்கவசமும் கட்டாயம். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி கூடாது. பெண் பிள்ளைகள் கூந்தலைக் கொண்டையிட்டுக் கவசத்துக்குள் அடக்க வேண்டும். கப்பியில் முடி சிக்கினால் பாதி வழியில் யாராலும் எளிதில் எட்ட முடியாது.

மதுரை வாசகர்:

எங்களிடம் பெரிய மரம் ஒன்றுதான் இருக்கிறது அண்ணா. மறுமுனையை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டலாமா?

பொள்ளாச்சித் தோட்டக்காரர்:

கூடவே கூடாது தம்பி. அந்தச் செங்கல் சுவர் பக்கவாட்டில் வரும் அரை டன் இழுவைக்காகக் கட்டப்பட்டதல்ல. ஆழமாகக் குழி தோண்டிக் கான்கிரீட்டில் இரும்புத் தூண் நட்டு, பின்பக்கம் இழுவைக் கம்பியும் கொடுக்க வேண்டும்; ஒரு கட்டடப் பொறியாளரிடம் அளவு கேட்டுக்கொண்டு செய்யுங்கள். செவிலியர் அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விளையாடி முடித்ததும் கப்பியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். பெரியவர்கள் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏறாமல் இருக்க எங்கள் வீட்டில் இதைத்தான் செய்கிறோம்.