புது ஃபோம் விரிப்பில் நெடி போகவே மாட்டேன் என்கிறது, குழந்தையை விடலாமா?

இனியாஅம்மா:

வணக்கம். என் மகளுக்கு ஏழு மாதம். வயிற்றால் நகர்ந்துகொண்டிருந்தவள் போன வாரம் முட்டி போட ஆரம்பித்துவிட்டாள். வெறும் தரையில் தலையை இடித்துக்கொள்வாளே என்று, துண்டு துண்டாகக் கோத்து விரிக்கிற ஃபோம் விரிப்பு வாங்கினோம். உறையைக் கிழித்ததுமே நெடி மூக்கில் ஏறியது. பெயின்ட், பெட்ரோல் மாதிரி இல்லை. புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதோடு கொஞ்சம் தித்திப்பும் கலந்த ஒரு வாடை.

இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை துடைத்தாயிற்று. ஜன்னல் ஓரம் அடுக்கி வைத்தும் பார்த்தாயிற்று. காலையில் ஒன்றும் தெரிவதில்லை. மதியம் வெயில் ஒரு மூலையில் விழுந்ததும் அங்கிருந்து மறுபடி கிளம்புகிறது. இரவு கதவைச் சாத்தினால் அறை முழுக்க அதுதான். என் கணவருக்கு ஒரு நாள் தலைவலியே வந்துவிட்டது.

நேற்று துடைக்கும்போது நீலத் துண்டின் ஓரத்தில் இரண்டு சின்னப் பள்ளங்களைப் பார்த்தேன், பக்கத்துப் பக்கத்தில். அவளுக்குக் கீழே முளைத்திருக்கிற இரண்டு பல்லின் தடம். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

உறையில் 'இவிஏ' என்றும் 'நச்சற்றது' என்றும் மட்டும்தான் போட்டிருக்கிறது. வாடை போகும்வரை காத்திருந்தால் போதுமா? போன பிறகும் பயப்பட ஏதாவது இருக்கிறதா? மேலே ஒரு போர்வையை விரித்துவிட்டால் சரியாகிவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரட்டையர்_அப்பா:

முதல் வேலையாக விரிப்பைக் குழந்தை தூங்குகிற அறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள் சகோதரி. மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். அதுவரை கெட்டியான பருத்தி விரிப்பை இரண்டாக மடித்துத் தரையில் போட்டு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டால் போதும்.

அடுக்கி வைத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் அதே தப்பைத்தான் செய்தோம். அடுக்கினால் நடுவில் இருக்கிற துண்டுகளுக்குக் காற்றே படாது. மேல் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு வாடை போய்விட்டது என்று விரித்தோம், அடியில் இருந்தவை கடையில் வாங்கிய அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஒன்றை ஒன்று தொடாமல் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் காற்று போகிற மாதிரி வையுங்கள். எதிரே மின்விசிறியை ஓட விடுங்கள்.

வாசனை ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீர்கள். இருக்கிற நெடியோடு இன்னொன்று சேரும், அவ்வளவுதான். அப்புறம், ஈரமான வெள்ளைத் துணியால் நீலத் துண்டை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் யோசிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபோம்_தரச்சோதனை:

பதினொரு வருடமாக ஃபோம் ஆலையில் தரச்சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த விஷயத்தில் அரைகுறையாகச் சொன்னால் பயமும் தவறான இடத்தில் போய் நிற்கும், தைரியமும் தவறான இடத்தில் போய் நிற்கும்.

இவிஏ என்பது எத்திலீனும் வினைல் அசிடேட்டும் சேர்ந்த பிளாஸ்டிக். அதை மெத்தென்று பொங்க வைக்க அசோடைகார்பனமைடு என்ற பொடியைக் கலப்பது வழக்கம். அச்சில் சூடேறும்போது பொடி உடைந்து வாயுவாகி, உள்ளே லட்சக்கணக்கான குமிழிகளை உண்டாக்குகிறது. அப்படி உடையும்போது மிச்சமாக ஃபார்மமைடு என்ற பொருளும் உண்டாகிக் குமிழிச் சுவர்களிலேயே தங்கிவிடுகிறது. இன்னொரு பக்கம், பிளாஸ்டிக் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்க டைகுமைல் பெராக்சைடு சேர்ப்பார்கள். அது உடைந்தால் வருவது அசிட்டோஃபினோன். நீங்கள் சொல்கிற தித்திப்பு வாடை பெரும்பாலும் இதுதான். மிகக் கொஞ்சமாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ஃபார்மமைடுக்கு அநேகமாக வாடையே கிடையாது. ஆனால் சட்டம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான், கருவில் இருக்கும் குழந்தைக்கு ஊறு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள் அது. 2010 டிசம்பரில் பெல்ஜியமும் பிரான்சும் இதே காரணத்துக்காக இந்த வகை விரிப்புகளின் விற்பனையை நிறுத்தின. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் பொம்மைகளுக்கு ஒரு வரம்பு கொண்டுவந்தது, 2017 மே மாதத்திலிருந்து அமலில் இருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான ஃபோம் பொம்மையில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஃபார்மமைடு இருந்தால், அதிலிருந்து காற்றில் கலப்பதை அளக்க வேண்டும். சோதனை தொடங்கி அதிகபட்சம் 28 நாளுக்குள் அது கனமீட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் போகாத அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

ஆக, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: வாடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வாடை போனால் வாடையுள்ள பொருள் குறைந்திருக்கிறது என்று தெரியும், மற்றதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதே மாதிரி, வாடை அடிக்கிற ஒவ்வொன்றும் விஷம் என்றும் இல்லை.

வெயிலில் நெடி கிளம்புவது ஏன் என்றால், சூடு ஏறினால் உள்ளே இருப்பது வேகமாக வெளியே வரும். காற்றாட விடுகிற நாட்களில் வெதுவெதுப்பு நல்லது, குழந்தை மேலே இருக்கிற நேரத்தில் கெட்டது. ஆனால் கொளுத்தும் வெயிலில் நாள் கணக்காகப் போடாதீர்கள், இவிஏ வெளிறி உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த பொடி குழந்தையின் வாய்க்குத்தான் போகும்.

நெடி குறைகிறதா என்று பார்க்க நாங்கள் ஆலையில் செய்வதன் எளிய வடிவம் ஒன்றைச் சொல்கிறேன். மூடி இறுக்கமான இரண்டு கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். விரிப்போடு வந்த நீளமான ஓரப்பட்டையை வளைத்து ஒன்றில் போட்டு மூடுங்கள். இன்னொன்றைக் காலியாகவே மூடுங்கள். வெட்டிப் போட வேண்டாம், திருப்பிக் கொடுக்கும்போது வம்பு வரும். ஒரு நாள் முழுக்க இரண்டையும் வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டு, காலிப் பாட்டிலை முதலில் திறந்து முகருங்கள், பிறகு மற்றதை. திறந்த அறையில் தெரியாதது மூடிய பாட்டிலில் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை, அதே ஆள், அதே நேரம். மூன்றாவது வாரத்திலும் முதல் நாள் மாதிரியே அடித்தால் அந்த விரிப்பை வைத்துக்கொள்ளாதீர்கள்.

போர்வை விரிப்பது பற்றி: தோலில் படுவதையும் வாயில் போவதையும் தடுக்கும். காற்றில் கலப்பதைத் தடுக்காது.

நாலாம்_மாடி:

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாப் புதுப் பொருளிலும் ஒரு வாடை வரத்தான் செய்கிறது. என் இரண்டு பிள்ளைகளும் இப்படிப்பட்ட விரிப்பில்தான் தவழ்ந்தார்கள், நன்றாக இருக்கிறார்கள். ஒரு வாரம் காயவைத்து எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். புது அம்மாக்களை இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஃபோம்_தரச்சோதனை:

உங்கள் அக்கறை புரிகிறது. பயமுறுத்த நானும் விரும்பவில்லை, ஒன்பது நாள் அந்த அறையில் இருந்ததால் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று யாரும் நினைக்கவும் வேண்டாம். ஆனால் நாமும் குழந்தையும் அந்த அறையில் ஒன்றல்ல. எடைக்கு எடை பார்த்தால் கைக்குழந்தை நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. அதன் மூக்கு விரிப்புக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. கையை விரிப்பில் தேய்த்து அதே கையைச் சப்புகிறது. தவிர, ஒரு ஆலையின் ஃபோமும் இன்னொரு ஆலையின் ஃபோமும் ஒன்றாக இருக்காது. உங்கள் வீட்டு விரிப்பு நல்லதாக இருந்திருக்கலாம், இவருடையது எப்படி என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மீனாட்டி:

எங்களுடையது ஃபோம் இல்லை, சுருட்டி வைக்கிற வழவழப்பான பிவிசி விரிப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். வாங்கியபோது நெடி அதிகம் இல்லை. ஒரு வருடம் கழித்து விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்தது. துடைத்தால் அன்றைக்குச் சரியாக இருக்கும், மறுநாள் மறுபடி ஒட்டும். வளைவதற்காகச் சேர்க்கிற மென்மையாக்கி மேலே கசிந்து வருகிறது என்று பிறகுதான் தெரிந்தது. தாலேட் என்பது அந்த வகையில் ஒன்று. அதற்கும் பெரிதாக வாடை கிடையாது. குழந்தைகளின் பொம்மைகளில் டிஇஎச்பி, டிபிபி, பிபிபி என்ற மூன்று தாலேட்டுகளும் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சட்டம். எங்கள் விரிப்பில் எந்த மென்மையாக்கி என்று யாராலும் சொல்ல முடியவில்லை, எடுத்துப் போட்டுவிட்டோம்.

பிவிசி வைத்திருப்பவர்கள் சானிடைசர், ஸ்பிரிட், எண்ணெய் எதையும் போட்டுத் துடைக்காதீர்கள். மென்மையாக்கியை அவை வெளியே இழுத்துவிடும். மிதமான சோப்பும் தண்ணீரும் போதும்.

இனியாம்மா, பல் தடம் பற்றி ஒரு வார்த்தை. ரசாயனத்தை விட எனக்கு அந்த ஓரம்தான் அதிகக் கவலை. கோக்கிற முனைகளும் நடுவில் கழன்று வருகிற எழுத்துத் துண்டுகளும் பல் முளைத்த குழந்தைக்குக் கடித்துப் பிய்க்கத் தோதானவை. பிய்ந்த ஃபோம் தொண்டையில் அடைத்தால் நொடியில் ஆபத்து.

இனியாஅம்மா:

எல்லோருக்கும் நன்றி. அன்றைக்கே விரிப்பை வெளியே எடுத்துவிட்டோம். வெள்ளைத் துணியில் சாயம் ஒட்டவில்லை. பாட்டில் சோதனை செய்தேன், காலிப் பாட்டிலில் ஒன்றுமே இல்லை, மற்றதைத் திறந்ததும் முதல் நாள் உறையைக் கிழித்தபோது வந்த அதே நெடி. என் அம்மா அடுத்த அறையிலிருந்து "என்னடி அது" என்று கேட்டார்கள்.

விற்றவரிடம் சோதனை அறிக்கை கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு அறிக்கை அனுப்பினார். தாலேட் தேர்ச்சி, இஎன் 71-3 தேர்ச்சி என்று இருக்கிறது. நான்கு வருடம் முந்தைய தேதி. படத்தில் இருப்பது ஒரே நிறத்தில் ஒரு விரிப்பு, எங்களுடையதில் ஆறு நிறம். இதை நம்பலாமா?

ஃபோம்_தரச்சோதனை:

நல்ல காரியம் செய்தீர்கள். நம்ப வேண்டாம். இஎன் 71-3 என்பது காரீயம், காட்மியம் மாதிரியான தனிமங்கள் பொருளிலிருந்து கரைந்து வருகிறதா என்று பார்க்கிற சோதனை. தேவையான சோதனைதான், ஆனால் உங்கள் நெடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இவிஏ ஃபோமுக்குத் தாலேட் சோதனை மட்டும் காட்டுவது, காய்ச்சலுக்கு வந்தவருக்குக் கண்ணைப் பரிசோதித்துவிட்டு அனுப்புவது மாதிரி. அறிக்கையில் ஃபார்மமைடு என்ற பெயர் இருக்கிறதா, அளவு எண்ணாகத் தரப்பட்டிருக்கிறதா, உங்கள் பொருளின் மாடல் எண் அதில் இருக்கிறதா, ஒவ்வொரு நிறத்தையும் சோதித்தார்களா என்று பாருங்கள். 'நச்சற்றது' என்ற சொல்லுக்குப் பின்னால் எந்தச் சோதனையும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொன்று. குழந்தைக்குத் தோல் சிவந்தாலோ தடித்தாலோ, இருமலோ இழுப்போ வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், உறையையும் கையோடு கொண்டுபோங்கள். அசிட்டோஃபினோன் அசீன் என்று ஒரு பொருள் இவிஏ ஃபோமில் உண்டாகிறது. விளையாட்டு வீரர்கள் முழங்காலுக்குக் கீழே கட்டுகிற காப்புகளிலிருந்து தோல் ஒவ்வாமை வந்ததைப் பார்த்து, அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2021-க்கான முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அதை அறிவித்தது. வருவது அபூர்வம். ஆனால் மருத்துவருக்கு 'இவிஏ' என்று சொன்னால் அவர் தேட வேண்டிய திசை தெரியும்.

இனியாஅம்மா:

மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன். ஃபார்மமைடு அறிக்கை இருக்கிறதா என்று மறுபடி கேட்டதற்கு விற்றவரிடமிருந்து பதிலே வரவில்லை. மூன்றாவது பாட்டில் சோதனையில் நெடி பாதியாகக் குறைந்திருந்தது, போகவில்லை. பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் கேட்டேன், பாட்டிலில் போட்ட ஓரப்பட்டை உட்பட எல்லாத் துண்டும் முழுசாக இருந்ததால் மறுப்பு சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது துவைக்கக்கூடிய பருத்தி விரிப்பு ஒன்று போட்டிருக்கிறோம், துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தருகிற ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்றிதழில் கைக்குழந்தைகளுக்கான முதல் பிரிவு. சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அது இந்தப் பொருளுக்குத்தானா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். ஃபோம் அளவுக்கு மெத்தென்று இல்லை. நேற்று ஒரு தடவை நெற்றியை இடித்துக்கொண்டு அழுதாள், தூக்கினதும் நிறுத்திவிட்டாள். விரிப்பின் ஓரத்தை இன்னமும் சப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். துவைத்துப் போடுகிறேன்.