போனைப் பறித்துப் படத்தை அழிக்கலாமா?

இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு பெரிய தலைவர் ஒருவர் கோயிலுக்கு வந்தார். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்று தம்பி படம் எடுத்தான். சிவில் உடுப்பில் இருந்த பாதுகாப்பு அதிகாரி போனைப் பறித்து, படங்களை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மழை வேறு, திரை முழுக்க ஈர விரல் தடம்.

அமெரிக்காவில் ஜனாதிபதிக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் சீக்ரெட் சர்வீஸ்காரர்கள் பிடியாணை இல்லாமல் எப்போது கைது செய்யலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வேண்டுமென்றே அவர்களைத் தடுத்தால் ஒரு வருடம் வரை சிறை.

சரி, இங்கே? கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், அரசியலமைப்பு உறுப்புரை 13(1). கைதே செய்யாமல் போனை மட்டும் பறித்தால்? அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். சட்டத்தரணிகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அம்மாவோ “விடுடா, வம்பு” என்கிறார்.