வேலை இல்லாத நேரத்தில் வாடகை வீடு: கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கம்

கேள்வி (அம்பத்தூர் டு வடசென்னை):
வேலை போயிடுச்சு. இப்போ இருக்கிற வீட்டுக்கு 14,000 வாடகை, தாக்குப்பிடிக்காது. கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் 9,000க்குள்ள தேடுறோம். நான், மனைவி, ஒண்ணாவது படிக்கிற பையன். கையில 1,60,000 இருக்கு. ஓனருங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எங்க வேலை?"ன்னுதான். என்ன சொல்றது? அட்வான்ஸைக் குறைக்க வழி உண்டா? ஒரு புரோக்கர் 4 லட்சம் லீஸ்ல (மொத்தமாக் குடுத்து, காலி பண்றப்போ திரும்ப வாங்கிக்கிறது) வீடு இருக்கு, மாச வாடகையே கிடையாதுன்னு சொல்றார். நகையை வச்சுப் போடலாமா?

தண்டையார்பேட்டை 81:
வேலையில இருக்கேன்னு பொய் மட்டும் வேணாம் பாஸ். ஐடி கார்டு காப்பி கேப்பாங்க, சிலர் ஆபீசுக்கே போன் போட்டுருவாங்க. பால் காய்ச்சின பிறகு விஷயம் வெளிய வந்தா, மாடிப்படியில ஓனரைப் பார்க்குற ஒவ்வொரு நாளும் சங்கடம்.

ஓனருக்கு இருக்கிற பயம் ஒண்ணே ஒண்ணு, அஞ்சாம் தேதி வாடகை வராமப் போயிடுமோன்னு. அதுக்குப் பதிலைக் காகிதத்துல எடுத்துட்டுப் போங்க. ஆறு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட் (அக்கவுண்ட் நம்பர்ல கடைசி நாலு எண் மட்டும் தெரியட்டும்), கடைசி மூணு சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர். இதையெல்லாம் விட எடை அதிகம் எதுக்குன்னா, இப்போ இருக்கிற வீட்டுக்கு ஒரு வருஷமா மாசம் தவறாம வாடகை போன கணக்குக்குத்தான். அதைத் தனியா பிரிண்ட் எடுங்க. "வேலை தேடிட்டு இருக்கேன், இத்தனை மாச வாடகை கையில இருக்கு"ன்னு நேராச் சொல்லுங்க.

சம்பளம் வாங்குற அண்ணனோ மச்சானோ இருந்தா ஜாமீனுக்குக் கூட்டிட்டுப் போங்க. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க: அக்ரிமெண்ட்ல சாட்சிக் கையெழுத்து போட்டா அவர் ஜாமீன் ஆக மாட்டார். "வாடகை பாக்கி விழுந்தால் இன்னார் பொறுப்பு"ன்னு தனி வரி இருக்கணும். அந்த வரியைப் பார்த்தா ஓனர் குரலே மாறும்.

தேடுறது ஆன்லைன்ல வேணாம். 9,000 ரூபா போர்ஷனெல்லாம் அங்க அதிகம் வராது. தெருவுல டூலெட் போர்டு பாருங்க, இஸ்திரிக்காரர், தண்ணி கேன் போடுறவர், மளிகைக்கடையில கேளுங்க. யார் காலி பண்றாங்கன்னு அவங்களுக்கு முன்கூட்டியே தெரியும், ஒரு மாச புரோக்கர் கமிஷனும் மிச்சம்.

ஆடி, மார்கழியில யாரும் வீடு மாத்த மாட்டாங்க. ஆனி கடைசியில காலியான வீடு ஆவணி வரைக்கும் பூட்டிக் கிடக்கும், ஓனருக்கு ஒரு மாச வாடகை நஷ்டம். உங்களுக்கு மாசம் பார்க்கிற வழக்கம் இல்லேன்னா பேரம் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ராயபுரம்வாசி:
அட்வான்ஸ் பத்தி. 2019ல அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது, ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டா வாங்கலாம். அதனால வாசல்ல நின்னு சட்டம் பேசாதீங்க, கதவைச் சாத்திடுவாங்க. பேச்சை "மூணு மாசம் தர்றேன்"னு ஆரம்பிக்க மட்டும் அது உதவும்.

9,000 வாடகைக்கு அஞ்சு மாச அட்வான்ஸ் 45,000, முதல் மாச வாடகை 9,000, புரோக்கர் இருந்தா இன்னொரு 9,000. குட்டியானை வண்டிக் கூலிக்கு முன்னாடியே 63,000 காலி. சில ஓனர் "மூணு மாசம் போதும், வாடகையில 500 ஏத்திக்கலாம்"னு சொல்வாங்க. இனிப்பாத் தெரியும். 18,000 கையில நிக்கிறதுக்கு மாசம் 500 குடுக்கறீங்க, அதாவது மாசம் நூத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் ரூபா வட்டி. பேங்க் நகைக்கடன் பெரும்பாலும் மாசம் நூத்துக்கு ஒரு ரூபாயைத் தாண்டாது. நகை இருக்கிறவர் இந்த பேரத்துக்குப் போகாதீங்க.

அதுக்குப் பதில் மூணு மாச வாடகையை முன்பணமாத் தந்து அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லலாம். ரசீதுல ரெண்டும் தனித்தனியா இருக்கணும்: அட்வான்ஸ் இவ்வளவு, இன்ன மாசத்துல இருந்து இன்ன மாசம் வரை வாடகை இவ்வளவு. மொத்தமா ஒரே தொகை எழுதினா, நாலாவது மாசத்துக்கு முன்னாடியே "வாடகை எங்க?"ன்னு கேக்குற நிலைமை வரும்.

பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகை பிடிப்பாங்களான்னும் இப்பவே கேட்டு எழுதிக்குங்க. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள மீதி அட்வான்ஸ் திரும்பணும்னு சட்டத்துலயே இருக்கு.

குத்தகை கணக்கு:
லீஸ் பத்தி யாரும் சொல்லல. கணக்கு மட்டும் பார்த்தா லாபம்தான்: 4 லட்சத்துக்கு நகைக்கடன் வட்டி வருஷத்துக்கு 10 சதவீதம்னு வச்சா மாசம் 3,300 சொச்சம், வாடகை 9,000. ஆபத்து அசல்ல இருக்கு. அந்தக் கடனைப் பெரும்பாலும் ஒரு வருஷத்துல திருப்பணும், ஓனரோ அடுத்த லீஸ் ஆள் வந்தாத்தான் பணம் தருவார். வேலை இல்லாம நடுவுல மாட்டிக்கிறது நீங்க, போறது நகை.

வீட்டுப் பத்திரம் ஏற்கெனவே பேங்க்ல இருந்தா உங்களுக்கு முன்னாடி நிக்கிறது பேங்க். பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கம் (வீட்டு மேல பதிவான கடன், விற்பனை விவரம்) இலவசமாப் பார்க்கலாம். கைமாத்துக் கடனுக்குப் பத்திரத்தைக் குடுத்திருந்தா அதுல தெரியாது, அதனால ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால பாருங்க. இன்னொரு மோசடி: இடையில ஒருத்தர் ஓனர்கிட்ட மாச வாடகைக்கு எடுத்து உங்ககிட்ட லீஸுக்கு விடுவார், கொஞ்ச நாள்ல வாடகை கட்டுறதை நிறுத்துவார், நிஜ ஓனர் வந்து காலி பண்ணச் சொல்வார். சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணி, பணத்தைப் பத்திரத்துல பேர் இருக்கிறவர் அக்கவுண்ட்டுக்கே போடுறதா இருந்தா மட்டும் பேசுங்க. நோட்டரி சீல் பத்தாது. என் கருத்து, இப்போ வேணவே வேணாம்.

அம்பத்தூர் டு வடசென்னை:
லீஸ் யோசனையை விட்டாச்சு, நன்றி. கொடுங்கையூர்ல ஒரு மாடி போர்ஷன் 8,500 சொல்றாங்க, கரண்ட் யூனிட்டுக்கு 9 ரூபாயாம். சரியா?

தண்டையார்பேட்டை 81:
முதல்ல தனி மீட்டரான்னு பாருங்க. வீட்டு இணைப்பு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். மூணு போர்ஷனுக்கு ஒரே இணைப்புன்னா அந்த 100 யாருக்குப் போகுதுன்னு உங்களுக்கே தெரியும்! தனி மீட்டர்னா 9 ரூபா பேச்சுக்கே இடமில்ல, பில்லை நானே கட்டிடறேன்னு சொல்லுங்க. சாவி வாங்குற அன்னைக்கு ரீடிங்கை போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.

வீட்டைக் காலையில போய்ப் பாருங்க, மெட்ரோ வாட்டர் வருதா, போர் தண்ணி உப்பான்னு அப்பத்தான் தெரியும். மிக்ஜாம் புயலப்ப தெருவுல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு எதிர்க்கடையில கேளுங்க, ஓனர்கிட்ட கேக்காதீங்க. மாடின்னாலும் வண்டி, மோட்டார், மீட்டர் பாக்ஸ் எல்லாம் கீழதான்.