சுண்டெலியில் மூளைக் கட்டி ஆய்வு: பிள்ளைகளுக்கு விளக்கித் தர யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உவர்மலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன்.

போன வருசம் என் பெரியப்பா கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயில் போய்விட்டார். முதலில் கண்டது, சாரத்தைக் கட்ட முடியாமல் அவரின் வலது கை தடுமாறியதைத்தான். ஸ்கேன் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்: இடது பக்கத்தில் வெள்ளை வளையம், நடுவில் கறுப்பு.

அதற்குப் பிறகு வாசிக்கத் தொடங்கினேன். 2005 இல் வெளிவந்த பெரிய ஆய்வில், கதிர்ச் சிகிச்சையோடு டெமோசோலமைட் என்ற புற்றுநோய் மருந்தும் கொடுத்தபோது இந்த நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்தில் இருந்து 14.6 மாதமாகத்தான் கூடியது. சுண்டெலியில் கட்டியைச் சுருக்கிய எத்தனையோ மருந்துகள் மனிதரில் கைகொடுக்கவில்லை.

மனிதக் கட்டிக் கலங்களைச் சுண்டெலி மூளையில் வளர்க்க, நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) குன்றிய எலி வேண்டும். அதில் நிர்ப்பீடனத்தைத் தூண்டும் மருந்தை எப்படிச் சோதிப்பது? ஜிஎல்261 என்ற கலவகை சுண்டெலியின் சொந்தக் கட்டி, நிர்ப்பீடனம் உள்ள எலியிலேயே வளரும். ஆனால் இரசாயனத்தால் உண்டாக்கப்பட்டது, மரபணு விகாரங்கள் மனிதக் கட்டியை விட அதிகம். இந்த இடத்தில்தான் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை: எந்த எலி மாதிரியை (model) எதற்கு நம்பலாம்?

சுண்டெலியில் இந்த ஆய்வைத் தன் கையால் செய்த தம்பி, தங்கச்சிமார் யாராவது, ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஸூமில் ஒரு மணித்தியாலம் தமிழில் கதைப்பீர்களா? இழைய வெட்டுப் படங்கள் இருந்தாலும் தாருங்கோ. கொமெண்டில் எழுதினால் நானே தொடர்புகொள்கிறேன்.