கிரகணத்துக்கு வெட்டிய படம்

வில்லுக்குறியான்:
அம்மைக்கு 2008-இல் திருவனந்தபுரத்தில் இடுப்பு மூட்டை மாற்றிச் செயற்கை மூட்டு வைத்தோம்: உலோகக் கிண்ணம், அதற்குள் பிளாஸ்டிக், அதற்குள் சுழலும் பந்து. அதன்பின் வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 2024-இல் நாகர்கோவிலில் எடுத்த எக்ஸ்ரே படத்தை டாக்டர் விளக்குப் பெட்டியில் செருகி ஸ்கேலை வைத்தார். பந்துக்கும் உலோகக் கிண்ணத்துக்கும் இடையே மேலே 7 மில்லிமீட்டர், கீழே 10. பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் விழாது. அந்த இடைவெளிதான் பிளாஸ்டிக்; தேயத் தேய மேலே அது குறையும். "ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த படம் எங்கே?" என்றார். 2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், கங்கண கிரகணம் பார்ப்பதற்காக அதை வெட்டியவன் நான்தான். "தொலைந்துவிட்டது" என்றேன். அம்மை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளச்சல் அக்காள்:
வலி இல்லை என்று இருந்துவிடாதே மக்களே. என் மாமாவுக்கும் வலி இல்லை. பிளாஸ்டிக் தேய்ந்து உதிர்ந்த துகள்களை உடம்பின் செல்கள் விழுங்க, கிண்ணத்தைச் சுற்றியிருந்த எலும்பு கரைந்துபோயிருந்தது. மறு ஆபரேஷனில் கழற்றிய பிளாஸ்டிக்கைப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். எடுத்துத் தடவினேன். ஒரு பக்கத்தில் கட்டைவிரல் பள்ளத்துக்குள் இறங்கியது. பாட்டில் இன்னும் அலமாரியில் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மார்த்தாண்டம் எக்ஸ்ரே:
அக்காள் பயமுறுத்த வேண்டாம். கணக்குப் பார்ப்போம். மேலும் கீழும் வித்தியாசம் 3. பந்து நகர்ந்தது அதில் பாதி, 1.5. படம் நிஜத்தைவிடப் பெரிதாக விழும். 28 மில்லிமீட்டர் பந்து படத்தில் 33 காட்டினால் 1.18-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 1.3. பதினாறு வருடத்துக்கு ஆண்டுக்கு 0.08. 0.1-ஐத் தாண்டினால்தான் எலும்புக்கு ஆபத்து அதிகம் என்பார்கள். அதிலும் முதல் ஓரிரு வருட நகர்வில் பாதிக்கு மேல் தேய்மானமே அல்ல, பாரத்தில் பிளாஸ்டிக் அமுங்குவது. பந்து ஆரம்பத்தில் நடுவில் இருந்ததா என்பதற்குத்தான் முதல் படம். ஆபரேஷன் சீட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பத்திரப்படுத்துங்கள், பந்தின் அளவு அதில் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் படம் எடுக்கச் சொல்லுங்கள். இடுப்பு சாய்ந்தால் படம் பொய் சொல்லும். எக்ஸ்ரே பிலிமில் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண் போகும். எங்கள் வீட்டிலும் அன்றைக்குப் பார்த்தோம், அது வேறு கதை.

குளச்சல் அக்காள்:
ஸ்கேல் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் உங்கள் 0.08 எங்கே போகும்? என் மாமாவுக்கும் இப்படித்தான் ஒருவர் கணக்குப் போட்டார்.

மார்த்தாண்டம் எக்ஸ்ரே:
அதற்காகத்தான் கம்ப்யூட்டரில் அளப்பது. வில்லுக்குறியாரே, சூரியன் பார்க்கிறவன் கறுத்த ஓரத்தைத்தான் வெட்டுவான். உலோகம் வெள்ளையாக விழும், அதை யாரும் கண்ணில் வைக்கமாட்டார்கள். மீதியைத் தேடுங்கள்.

வில்லுக்குறியான்:
கிடைத்தது. அம்மையின் டிரங்குப் பெட்டியில், பட்டுச்சேலைக்கு அடியில். பந்து முழுதாக இருக்கிறது. ஸ்கேல் வைத்தேன்: மேலே 9, கீழே 9. "கேட்டிருந்தால் அன்றைக்கே தந்திருப்பேனே" என்றாள்.