கியர் மாற்றும்போது வந்த 'டொக்': இன்ஜினை இறக்கும் முன் என் வண்டியில் பார்த்தவை

முதல் கியரைப் போட்டதும் 'டொக்' என்று ஒரு சத்தம், கூடவே வண்டி ஒரு சாண் முன்னால் துள்ளும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனால் 'கடக்'. சிக்னலில் நியூட்ரல் தேடினால் பச்சை விழும்வரை கிடைக்காது. போன வருடம் என் 150 சிசி பைக் இப்படித்தான் இருந்தது. 62,000 கிலோமீட்டர் ஓடியது, கார்புரேட்டர் காலத்து ஐந்து கியர் வண்டி. வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போயிடுச்சு, இன்ஜினை இறக்கிப் பிரிக்கணும்" என்றார்கள். 11,000 ரூபாய் கணக்கு சொன்னார்கள். மாதக் கடைசி, கையில் காசில்லை, தள்ளிப்போட்டேன். அதுவே நல்லதாகப் போயிற்று.

எனக்கு நாமக்கல். மாதம் ஒருமுறையாவது கொல்லிமலை ஏறிவிடுவேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு, ஒன்று, மறுபடி இரண்டு, கொஞ்சம் நேர்சாலை கிடைத்தால் மூன்று என்று கால் ஓயாது. அந்த முறை பாதி மலையிலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒவ்வொரு 'கடக்'குக்கும் உள்ளே ஏதோ உடைவது போல் மனசு பதறும். இறங்கி வரும் வழியில் சேந்தமங்கலத்தில் ஒரு சின்னத் தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப் கண்ணில் பட்டது. அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் ஸ்பானரையே எடுக்கவில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுதாகப் பிடித்து முதல் கியர் போட்டார். பின் சக்கரம் சுற்றியது. கொஞ்சம் சுற்றுவது சகஜம்தான், ஆயிலில் ஊறும் கிளட்ச் அல்லவா. ஆனால் அவர் பின் பிரேக்கை மெதுவாக மிதித்ததும் இன்ஜின் சத்தம் இறங்கி, நின்றுபோகப் பார்த்தது. "கிளட்சே முழுசா விடலைங்க தம்பி, கியர் பாவம் என்ன பண்ணும்?" என்றார்.

அதுவரை எனக்குத் தெரியாத ஒன்றை அன்று விளக்கினார். கியர் மாற்றும்போது கியரின் பற்கள் புதிதாகப் போய்க் கோத்துக்கொள்வதில்லை. எல்லா ஜோடிகளும் எப்போதும் கோத்தபடியேதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நாம் லிவரைத் தட்டும்போது கியர் சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் தடித்த கட்டைப் பற்கள், பக்கத்துச் சக்கரத்தில் உள்ள பள்ளத்துக்குள் போய் விழுகின்றன. 'டாக்' என்பார்களே, அதுதான். நின்றிருக்கும் வண்டியில், கிளட்ச் லிவரை அழுத்திய பிறகும் உள்ளே கிளட்ச் தட்டுகள் முழுதாக விலகாமல் பாதி ஒட்டியே இருந்தால் இன்ஜின் பக்கத்துத் தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும், சக்கரத்துப் பக்கத்துத் தண்டு அசையாமல் நிற்கும். சுற்றுவதும் நிற்பதும் திடீரென்று பூட்டிக்கொண்டால் 'டொக்' என்றுதானே வரும்! நியூட்ரல் கிடைக்காததற்கும் இதே காரணம்.

கிளட்ச் லிவர் நுனியில் பார்த்தால் கேபிள் லூஸ், அதாவது கிளட்ச் விட ஆரம்பிக்கும் முன் லிவர் வீணாக நகரும் தூரம், கிட்டத்தட்ட 25 மில்லிமீட்டர். என் வண்டியின் கையேட்டில் 10 முதல் 15 வரை என்றுதான் இருக்கிறது. கேபிளை இழுத்துப் பார்த்தபோது லிவர் முனையில் நாலைந்து இழை அறுந்திருந்தது. புதுக் கேபிள் போட்டு, லூஸை 12 அளவில் வைத்தார். இன்னும் இறுக்கட்டுமா என்று நான் ஆசைப்பட்டதற்கு உடனே தடுத்தார். லூஸே இல்லாமல் இறுக்கினால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், தட்டுகள் கருகிவிடும். அப்புறம் ஐடிலிங்கைப் பார்த்தார், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று. 1,900-இல் நின்றது. காலையில் வண்டி அணையக்கூடாது என்று நானே ஏற்றி வைத்திருந்தேன். 1,400-க்கு இறக்கினார். கேபிளும் கூலியும் சேர்த்து 350 ரூபாய். முதல் கியரின் துள்ளல் அன்றே போய்விட்டது. வீடு வரும்வரை ஒவ்வொரு சிக்னலிலும் நியூட்ரல் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்கு வரும் 'கடக்' மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு நான் முதலில் பிடித்தது ஆயிலை. 3,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டியதை 5,000 தாண்டியும் விட்டிருந்தேன். நம் வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஆயில்தான். கியர்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி அதன் பிசுக்கு குறைந்துபோகும். மாற்றியதும் கியர் விழுவது மென்மையானது உண்மை. அடுத்த முறை பேராசைப்பட்டு, தடித்த ஆயில் சத்தத்தை அமுக்கும் என்று நினைத்து, 10டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய வண்டியில் அதைவிடத் தடித்த 20டபிள்யூ-50 ஊற்றினேன். சூடான பிறகு சத்தம் சற்று அடங்கியது போல் இருந்தது. ஆனால் காலைக் குளிரில் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, போன 'டொக்' திரும்பி வந்துவிட்டது. மறுபடி கையேட்டில் சொன்ன அளவுக்கே வந்துவிட்டேன். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான தரக் குறியீடு போட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மிச்சமிருந்த கார் ஆயிலை ஊற்றிய நண்பன் ஒருவனுக்கு கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிட்டது. உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் காருக்கு நல்லது, ஆயிலில் நனைந்து வேலை செய்யும் கிளட்சுக்கு ஆகாது.

உண்மையான குற்றவாளி கியர்பாக்ஸுக்கு வெளியே இருந்தது. செயினைச் சுற்றிப் பார்த்தால் ஒரு இடத்தில் 20 மில்லிமீட்டர் ஆட்டம், இன்னொரு இடத்தில் 45. சமமில்லாமல் நீண்டுவிட்ட செயினை எப்படி இழுத்து வைத்தாலும் ஏதாவது ஓரிடத்தில் விறைப்பாகவோ தொளதொளவென்றோதான் இருக்கும். செயினையும் அது ஓடும் பல்சக்கரங்களையும் (ஸ்பிராக்கெட்) செட்டாகவே மாற்றினேன். பின் சக்கரத்தைக் கழற்றிய அன்றுதான் அதன் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருந்த ரப்பர்களைப் பார்த்தேன். இன்ஜினின் இழுப்பும் உதறலும் சக்கரத்துக்கு நேராகப் போகாமல் இந்த ரப்பர்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். என்னுடையவை கல் போல் இறுகி, ஓரங்கள் தேய்ந்து, இடையில் விரல் நுழையும் இடைவெளி. கியர் மாறும்போதும், ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் அந்த இடைவெளியில்தான் இரும்பு போய் முட்டியிருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜினை அணைத்து, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, கியரில் போட்டுவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஸ்பிராக்கெட் அசையாமல் சக்கரம் மட்டும் நன்றாக ஆடினால் ரப்பர் போய்விட்டது. ரப்பர் செட் எனக்கு 280 ரூபாய்தான் ஆனது. என் மச்சான் இதே 'தட்' சத்தத்துக்காக ஒரு வருடம் ஆயில் மாற்றி ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் வண்டியிலும் கடைசியில் ரப்பர்தான்.

கடைசியாக என் காலும் மாற வேண்டியிருந்தது. நான் கியர் லிவரை உதைக்கிற ஆள், மேலே போக குதிகாலால் ஓங்கி மிதிப்பேன். இப்போது ஆக்சிலேட்டரை விடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே லிவரில் பாதத்தின் எடையை மெல்ல வைத்துவிடுகிறேன். கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விட்ட கணத்தில் கியர் தானாக நழுவி விழுகிறது. மலை இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு வர, கிளட்ச் பிடித்த நிலையில் ஆக்சிலேட்டரை ஒரு சின்னத் திருகு திருகிவிட்டு லிவரை அழுத்தினால் சத்தமும் இல்லை, பின் சக்கரம் இழுபடுவதும் இல்லை. இது கைவர எனக்கு இரண்டு வாரம் ஆனது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஓடும்போது கியர் தானாக நழுவி வெளியே வந்தாலோ, குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் விடாமல் 'கர்ர்' என்று கத்தினாலோ, இறக்கிய ஆயிலில் இரும்புத் துண்டுகள் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். அப்போது இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும்.

போன மாதம் கொல்லிமலை போய்விட்டு வரும்போது அதே கொட்டகையில் நிறுத்தினேன். பெரியவர் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். காலையில் முதல் கியருக்கு இன்னும் லேசாக ஒரு 'டக்' கேட்கிறதே என்றேன். கிளப்பும் முன் கிளட்சைப் பிடித்து, கியரில் போட்டு, வண்டியை இரண்டு தரம் முன்னும் பின்னும் தள்ளினால் ஒட்டிய தட்டு விட்டுவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகும் வரும் அந்தச் சின்ன 'டக்' எல்லா வண்டியிலும் இருப்பதுதானாம். காசு கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.